ஸ்ராங்கு வேண்டாம் என்றால்

"தாத்தா, இதே போட்டில் அப்படியே கடலுக்குப் போய்விடலாமா?"

2024 டிசம்பர் விடுமுறையில், ஆலப்புழையில் ஒரு படகு வீட்டின் முன்தளத்தில் உட்கார்ந்துகொண்டு என் பேத்தி கேட்டாள். புணேயில் வளரும் ஒன்பது வயதுப் பெண். கேள்வி நியாயமானதுதான். மேற்கே தென்னை வரிசைக்கு அப்பால் சில கிலோமீட்டர் தூரத்தில் அரபிக் கடல். எதிரே வேம்பநாட்டுக் காயல் கடலைப் போலவே விரிந்து கிடக்கிறது. வடக்கே கொச்சியில் இந்தக் காயல் கடலோடு கலக்கவும் செய்கிறது. பிறகென்ன?

"முடியாதும்மா" என்றேன். "ஏன்?" என்றாள். படகின் அடி தட்டை, கடல் அலை தாங்காது என்று சொல்லி வைத்தேன். பாதிப் பதில்தான் அது. மீதிப் பதிலை 28 வருடங்களாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். 1995-இல் ஆலப்புழைக் கிளைக்கு மாற்றலாகிப் போனேன். அந்தச் சமயத்தில்தான் அங்கே பழைய கெட்டுவள்ளங்களைப் படகு வீடுகளாக மாற்றும் தொழில் சூடுபிடித்துக் கொண்டிருந்தது.

கெட்டுவள்ளம் என்றதும் நம் காதில் 'கெட்டுப்போன' வள்ளம் என்று விழும். மலையாளத்தில் கெட்டு என்றால் கட்டு. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி அடிக்காமல், இடையில் தேங்காய் நார் வைத்து, கயிற்றால் இழுத்துக் கட்டிய வள்ளம். மேலே முந்திரிக் கொட்டையிலிருந்து காய்ச்சி எடுத்த கறுப்பு எண்ணெய் பூசுவார்கள். அறுபது எழுபது அடி நீளம். குட்டநாட்டு நெல்லும் கயிறும் கொச்சிக்குப் போனது இவற்றில்தான். பெரிய வள்ளம் 30 டன் சரக்கு ஏற்றும். நீண்ட கழியை ஊன்றித் தள்ளியே கொண்டுபோய்விடுவார்கள். அந்தக் கடலோரம் முழுவதும் காயலும் கால்வாயும் கோர்த்துக் கிடப்பதால், கடலைத் தொடாமலேயே கடற்கரை ஊர்களுக்குள் வியாபாரம் நடந்தது. கடலுக்குப் போகத் தேவையில்லாதபடி செய்யப்பட்ட வாகனம் அது. லாரியும் பாலங்களும் வந்த பிறகு வள்ளங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1990-களின் தொடக்கத்தில் யாரோ சிலருக்கு யோசனை தோன்றியது: நெல் இருந்த இடத்தில் கட்டிலைப் போடு.

1996-இல் ஒரு வள்ளத்து முதலாளி என்னிடம் கடன் கேட்டு வந்தார். மூங்கில் வளைத்து, பாய் வேய்ந்து, இரண்டு படுக்கையறையும் ஒரு கக்கூஸும் கட்ட வேண்டும், மோட்டார் வாங்க வேண்டும் என்றார். எனக்குச் சந்தேகம்தான். காஷ்மீரில் தால் ஏரியின் படகு வீடு நின்ற இடத்தில் நிற்கும். நகர்கிற வீட்டில் யார் வந்து தங்குவார்கள்? இருந்தாலும் கணக்கு சரியாக இருந்தது. கடன் கொடுத்தேன்.

அக்டோபரில் வேலை முடிந்தது. "சாரும் குடும்பமும் ஒரு டிரிப் வரணும்" என்று முதலாளி அழைத்தார். கடன் வாங்கியவரிடம் இலவசமாக எதையும் அனுபவிக்கக் கூடாது என்பது வங்கி விதி. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் டெல்லியிலிருந்து மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். என் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தாள். போனோம்.

படகை ஓட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். முகம்மாக்காரர். படகு ஓட்டுபவரை அங்கே ஸ்ராங்கு என்பார்கள். எங்கள் ஊரில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் தண்டல் என்று ஒருவர் உண்டு. தோணியில் அவர் வைத்ததுதான் சட்டம். அந்தத் தோணிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியும் என்ற நினைப்பு உள்ளுக்குள் இருந்தது.

கைநகரிப் பக்கம் சாப்பாடு முடிந்து, பெருங்காயலின் வாசலுக்கு வந்தபோது மணி இரண்டரை. ஸ்ராங்கு மோட்டாரின் வேகத்தைக் குறைத்துப் படகைத் திருப்பத் தொடங்கினார். மச்சினனுக்கு ஏமாற்றம். "அத்தான், காயல் நடுவில் ஒரு தீவு இருக்கிறதாமே, பாதிராமணல், அதைப் பார்க்காமலா?" என்றான். நான் ஸ்ராங்கிடம் கேட்டேன். அவர் கிழக்கே பார்த்தார். மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

"வேண்ட சாரே. துலாம் மாசமாணு. காற்று வரும்" என்றார்.

எங்கள் தலைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. நான் முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்ததே போதும். கடன் கொடுத்த ஆபீசர், டெல்லி விருந்தாளி. முதலாளி ஸ்ராங்கிடம் ஏதோ தணிந்த குரலில் சொன்னார். ஸ்ராங்கு மறுபடி கிழக்கே பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் படகை வடக்கே விட்டார்.

துலாவர்ஷம் என்பது நம் ஐப்பசி மழைதான். காலையெல்லாம் வெயில் காய்ந்து, மதியத்துக்கு மேல் மேற்குத் தொடர்ச்சி மலையில் மேகம் திரண்டு, இடியோடு கடற்கரையை நோக்கி இறங்கும். வரும்போது சொல்லிக்கொண்டு வராது. முக்கால் மணி நேரம் போயிருப்போம். முதலில் ஒரு குளிர்ந்த காற்று. குழந்தைகள் கைதட்டினார்கள். அடுத்த ஐந்தாவது நிமிடம் கிழக்குக் கரை காணாமல் போயிற்று.

எங்கள் ஊர்த் தோணிக்கு ஆழமான வயிறு உண்டு. ஏரா என்று சொல்லும் அடிமரம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கெட்டுவள்ளத்துக்கு அடி தாம்பாளம் மாதிரி. ஆழமில்லாத கால்வாய்களில் போவதற்காக அப்படி. நெல் ஏற்றினால் பாரம் அடியில் இருக்கும், வள்ளம் நிலையாக நிற்கும். நாங்களோ நெல்லை இறக்கிவிட்டு, அதன் மேல் ஒரு வீட்டைக் கட்டியிருந்தோம். பக்கவாட்டில் அடித்த காற்றுக்கு அந்தப் பாய்க் கூரை பாய்மரம் போல விரிந்து கொடுத்தது. படகு முன்னே போகாமல் பக்கவாட்டில் போகத் தொடங்கியது. அலையும் நான் அறிந்த அலை அல்ல. கடல் அலை நீளமானது, தூக்கி இறக்கும். ஆழமில்லாத காயலில் காற்று கிளப்பும் அலை குட்டையானது, மூச்சு விட நேரம் தராமல் அடுத்தடுத்து வந்து அறையும். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே விழுந்தது.

உயிர்காப்பு உடுப்பு எதுவும் படகில் இல்லை. இரண்டு ரப்பர் டியூப் இருந்தன. கடன் பத்திரத்தில் மோட்டாரின் நம்பர் வரைக்கும் குறித்துக்கொண்ட எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஸ்ராங்கு கத்தினார். எல்லாரும் நாற்காலியை விட்டு இறங்கி நடுவில் தரையோடு உட்கார வேண்டும். இரண்டு பையன்களையும் கத்தியோடு அனுப்பி, இருபக்கத்துப் பாய்களையும் அறுத்துவிடச் சொன்னார். புத்தம் புதுப் பாய். முதலாளி "அய்யோ" என்றார். பாய்கள் பறந்தன. காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறியது. படகு சற்று நிமிர்ந்தது. மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிக் கிழக்கே நகர்த்திக் கொண்டே போனார். அந்தப் பக்கம், 1940-களில் முரிக்கன் காயலை அடைத்து நிலமாக்கிய கழனிகளின் வரப்பு உண்டு. அதன் மறைவுக்குப் போனதும் பையன்கள் கழியைச் சேற்றில் ஊன்றிப் படகைப் பிடித்து நிறுத்தினார்கள். மொத்தம் நாற்பது நிமிடம் இருக்கும். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியின் தடம் மறுநாளும் இருந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் கதையின் மோசமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

ராத்திரி புன்னமடையில் இறங்கியபோது, முதலாளி எல்லார் எதிரிலும் ஸ்ராங்கைத் திட்டினார். காற்று வருவது தெரியாதா, புதுப் பாயையெல்லாம் நாசம் பண்ணிவிட்டாயே, சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன் என்று. ஸ்ராங்கு என்னைப் பார்த்தார். "நான்தான் போகச் சொன்னேன்" என்று நான்கு வார்த்தை பேச வேண்டிய இடம். பேசவில்லை. பேசினால், நான் அந்தப் படகில் ஏன் இருந்தேன் என்ற கேள்வியும் வரும். பேச்சு வளர்ந்தால் மேலிடம் வரை போகும். குழந்தைகள் நனைந்திருக்கிறார்கள் என்று சொல்லி ஆட்டோ பிடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் வேலையில் இல்லை என்று தெரிந்தது. ஒரு மாதச் சம்பளத்தையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். விசாரித்துக்கொண்டு முகம்மாவுக்குப் போனேன். காயல் கரையில் வீடு. கக்கா வாரும் வேலைக்குத் திரும்பியிருந்தார். வேம்பநாட்டுக் காயலின் அடியிலிருந்து மட்டி அள்ளி, சதையைத் தின்னவும் ஓட்டைச் சுண்ணாம்புக்கும் விற்கிற தொழில். முற்றத்தில் ஓடு குவிந்து கிடந்தது. ஒரு கவரில் பணம் கொண்டு போயிருந்தேன். நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கோபமும் படவில்லை. கட்டன் சாயா கொடுத்தார். கிளம்பும்போது சொன்னார்:

"வள்ளத்தில் கயறியால் பின்னெ முதலாளியில்ல சாரே, பாங்குமில்ல. ஸ்ராங்கு மாத்ரமே உள்ளூ."

வள்ளத்தில் ஏறிவிட்டால் முதலாளியும் கிடையாது, வங்கியும் கிடையாது, ஸ்ராங்கு மட்டும்தான். எங்கள் ஊர்த் தண்டலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு ஆலப்புழையில் இருந்த ஒரு வருடத்தில் நான் கையெழுத்திட்ட படகு வீட்டுக் கடன்கள் எல்லாவற்றிலும் ஒரு நிபந்தனை சேர்த்தேன். ஆளுக்கொரு மிதவை உடுப்பு, ஸ்ராங்கின் லைசென்ஸ் நகல். "படகுக்குக் கடன் கேட்டால் சட்டைக்குக் கணக்குக் கேட்கிறார்" என்று கேலி பேசினார்கள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

2002 ஜூலை 27-ஆம் தேதி நான் கான்பூரில் இருந்தேன். அன்று அதிகாலை முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன பயணிகள் படகு காயலில் மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய கூட்டம். பலர் அரசு வேலைத் தேர்வு எழுதப் புறப்பட்டவர்கள். டி.வி.யில் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. நாங்கள் தப்பித்த அதே பரப்பு. பழைய கிளைக்குப் போன் போட்டு விசாரித்தேன். ஸ்ராங்கு நலமாக இருந்தார். கக்கா வள்ளங்களை எடுத்துக்கொண்டு ஆட்களைத் தூக்கப் போனவர்களில் அவரும் ஒருவர் என்றார்கள்.

2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர். 2023 மே 7-இல் தானூரில், பூரப்புழை கடலில் சேரும் இடத்துக்கு அருகே, இருட்டிய நேரத்தில் ஓடிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது அது என்று பிறகு தெரியவந்தது. இவற்றில் எதுவும் கெட்டுவள்ளம் அல்ல. ஆனால் ஒவ்வொரு செய்தியையும் படிக்கும்போது நான் தேடியது ஒன்றைத்தான்: அந்தப் படகில் யாராவது "வேண்டாம்" என்று சொல்லியிருப்பார்களா? சொன்னவரை யார் அடக்கினார்கள்?

சட்டம் இப்போது புதிது. 1917-ஆம் வருடத்து உள்நாட்டுக் கப்பல் சட்டத்தின் இடத்தில் 2021-இல் புதிய சட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு படகுக்கும் பதிவு, தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் வேண்டும். உள்நாட்டு நீர்ப்பரப்புகளையே அலையின் உயரத்தை வைத்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்குச் சான்று வாங்கிய படகு அதைவிட அலை மிகுந்த இடத்துக்குப் போகக் கூடாது. கடல் என்றால் அது வேறு சட்டம், வேறு படகு. பேத்திக்கு நான் சொன்ன 'முடியாது' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அன்று பத்துக்கும் குறைவாக நான் எண்ணிய படகு வீடுகள் இன்று அந்த வட்டாரத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. மாடி வைத்தவை, ஏ.சி. வைத்தவை, கல்யாண மண்டபம் அளவில் மீட்டிங் ஹால் வைத்தவை. வேம்பநாட்டுக் காயல் 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நீர்நிலை. உப்பு நீர் வயலுக்குள் ஏறாமல் இருக்கத் தண்ணீர்முக்கத்தில் கட்டிய தடுப்பணையின் ஷட்டர்களைக் கோடையில் மூடிவிட்டால், தென்பகுதிக் காயலைக் கடல் வந்து அலசிவிட்டுப் போவதும் நின்றுபோகிறது. ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது. படகுகளின் டீசலும் கழிவும் அங்கேயே தங்குகின்றன. கரையில் பாத்திரம் கழுவும் பெண்களைச் சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் எதை விட்டுவிட்டு வந்தோம் என்று யோசிப்பதில்லை. என் கையெழுத்துப் போட்ட கடன்களும் இதில் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடே மூழ்கியபோது, வீடிழந்தவர்களை ஏற்றி ஆலப்புழைக்குக் கொண்டுவந்த படகுகளில் இந்தப் படகு வீடுகளும் இருந்தன. அவற்றுக்கு உரிய தண்ணீரில், அவற்றுக்குத் தெரிந்த வேலையைச் செய்தன.

மறுபடி 2024 டிசம்பருக்கு வருகிறேன். சாயங்காலம் ஐந்தேகால். சூரியன் காயலில் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்ராங்கு, முப்பது வயதுப் பையன், படகைக் கரைக்குத் திருப்பினான். என் மகனுக்கு மனசில்லை. "இன்னும் அரைமணி நேரம் போகலாமே, ஐந்நூறு ரூபாய் தனியாகத் தருகிறேன்" என்றான். பையன் தயங்கினான். ஐந்தரை மணிக்கு மேல் படகு வீடுகள் ஓடக் கூடாது. அதற்குப் பிறகு மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். இருட்டில் ஒரு படகு அதன் மேல் போனால் ஒரு குடும்பத்தின் வலை அறுந்துபோகும். பையன் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

"ஸ்ராங்கு சொன்னால் சொன்னதுதான். கரைக்கு விடுப்பா" என்றேன். மகன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். அன்று ராத்திரி, படகு தென்னை மரத்தில் கட்டிக் கிடந்தபோது, 28 வருடத்துக் கதையை அவனிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.

மறுநாள் முகம்மாவுக்குப் போனோம். ஓட்டு வீடு கான்கிரீட் வீடாகியிருந்தது. பழைய ஸ்ராங்கு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கிவிட்டார். காது மந்தம். நான் பெயரைச் சொன்னேன். வங்கியைச் சொன்னேன். அக்டோபர் காற்றைச் சொன்னேன். அன்று சொல்ல வேண்டியிருந்ததை, "போகச் சொன்னது நான்தான் சேட்டா" என்று அவருடைய மருமகள் காதிலும் என் மகன் காதிலும் விழும்படி சொன்னேன்.

அவர் என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். எந்த வங்கி, எந்த சார் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு சட்டென்று முகம் மலர்ந்து, மருமகளிடம் திரும்பி மலையாளத்தில் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அறுத்துவிட்ட அந்தப் பாய் நல்ல பாயாம். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறதாம்."